டிகாஃப் என்றாலே சப்பென்றுதான் இருக்குமா?

கேள்வி: ராத்திரி தூக்கம் கெடுகிறது என்று சாயங்காலக் காபிக்கு மட்டும் காஃபீன் நீக்கிய பொடி ஒரு கிலோ வாங்கினேன். வழக்கமான அளவில்தான் போட்டேன். நல்ல கறுப்பாகத்தான் இறங்கியது. வாயில் வைத்தால் சப்பென்று இருக்கிறது, நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வேறு. எல்லா டிகாஃபும் இப்படித்தானா? காஃபீனை எடுக்க ரசாயனம் சேர்க்கிறார்களாமே, அதுவும் உறுத்துகிறது.

பதில்: அந்த அட்டை வாசனை டிகாஃபின் வாசனை இல்லை, பழைய காபியின் வாசனை. காஃபீனை எடுப்பது வறுப்பதற்கு முன்பே, பச்சைக் கொட்டையில். ஊறவைத்து, காஃபீனைப் பிரித்து, மறுபடி உலர்த்துவார்கள். இத்தனை பாடுபட்ட கொட்டை உள்ளே தளர்ந்துவிடும். வறுத்ததும் எண்ணெய் சீக்கிரமே மேலே கசிந்து பளபளக்கும். காற்றுப் பட்டால் சாதாரணக் காபியைவிட வேகமாக மணம் போகும். பொடியாக வாங்கினால் கேட்கவே வேண்டாம். சாயங்காலம் மட்டும் குடிக்கிற வீட்டில் ஒரு கிலோ எப்போது தீரும்? முதல்முறை வாங்கும்போது கிடைப்பதிலேயே சின்ன பாக்கெட், முடிந்தால் கொட்டையாக. ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பதை நம்பாதீர்கள், பெரும்பாலும் அது ஒரு வருடம் தள்ளி இருக்கும். வறுத்த தேதி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நிறமும் உங்களை ஏமாற்றியிருக்கிறது. காஃபீன் எடுத்த கொட்டை வறுக்காமலே பழுப்பாக இருக்கும். லேசாக வறுத்தாலும் கறுத்துத் தெரியும். அதனால் ‘கறுப்பாக இறங்கியது, அப்போது ஸ்ட்ராங்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. 250 மில்லி தண்ணீருக்கு 15 கிராம் போடுகிறவர் 17, 18 கிராம் போட்டுப் பார்க்கலாம். அப்புறம் ஒரு சோதனை: டிகாஃப் ஒன்று, வழக்கமான காபி ஒன்று, இரண்டையும் ஒரே மாதிரிக் கோப்பையில் ஊற்றி, எது எது என்று சொல்லாமல் வீட்டில் யாரையாவது நீட்டச் சொல்லுங்கள். பாக்கெட்டில் ‘டிகாஃப்’ என்று படித்துவிட்டுக் குடித்தால் நாக்கு முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடும்.

ரசாயன விஷயம். ஜெர்மனியின் பிரேமன் நகரில் லுட்விக் ரோஸேலியுஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஃபீன் நீக்குவதை வணிகமாக்கியபோது பென்சீன் பயன்படுத்தினார். அது இப்போது கிடையாது. இன்று புழக்கத்தில் இருப்பவை நான்கு: மெத்திலீன் குளோரைடு, எத்தில் அசிடேட் (பாக்கெட்டில் ‘கரும்பு முறை’ என்று இனிமையாகப் போட்டிருந்தால் பெரும்பாலும் இதுதான்), வெறும் தண்ணீரும் கரி வடிகட்டியும், அழுத்தமேற்றிய கார்பன் டை ஆக்சைடு. மெத்திலீன் குளோரைடு சுமார் 40 டிகிரியிலேயே ஆவியாகும்; கொட்டை வறுபடுவதோ 200 டிகிரிக்கு அருகிலோ மேலேயோ. மிச்சம் இருந்தாலும் வறுத்த காபியில் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) தாண்டக்கூடாது என்பது அமெரிக்க விதி. பயப்பட ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். மனசு ஒப்பவில்லையென்றால் தண்ணீர் முறை, கார்பன் டை ஆக்சைடு முறை என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எந்த முறை என்று எழுதாத பாக்கெட்டை நான் எடுக்க மாட்டேன்.

கேள்வி: காஃபீன் சுத்தமாக இருக்காதுதானே?

பதில்: கொஞ்சம் இருக்கும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வறுத்த டிகாஃபில் 0.1 சதவீதம் வரை அனுமதி. ஒரு கோப்பைக்குப் பொதுவாக 2 முதல் 15 மில்லிகிராம். 240 மில்லி சாதாரணக் காபியில் ஏறக்குறைய 95. சாயங்காலம் ஒரு கோப்பைக்கு டிகாஃப் போதும். நாலைந்து கோப்பை குடித்தால் கணக்கு கூடும். காஃபீனே ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அவரைக் கேட்டுவிட்டே குடியுங்கள். காலைக் காபியையும் ஒரேயடியாக மாற்றினால் மறுநாள் தலைவலி வரலாம். பாதிக்குப் பாதி கலந்து மெதுவாகக் குறைப்பது நல்லது.

கேள்வி: பிரித்த பாக்கெட்டைக் கடையில் திருப்பித் தரலாமா?

பதில்: ருசி பிடிக்கவில்லை என்பதைக் குறை என்று கடைக்காரர் ஏற்பது கஷ்டம். தேதி தாண்டியிருந்தாலோ, உறை ஏற்கெனவே பிரிந்திருந்தாலோ தயங்காமல் கேளுங்கள். ரசீதையும் பாக்கெட்டையும் அதுவரை தூக்கிப்போட வேண்டாம்.