டபிள்யூவுக்குப் பின்னால் ஆர் வந்தால் முறுக்கு: மிஸ்ஸிடம் கேள்வி பதில்

வடசென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் 30 வருடம் ஆங்கிலம் எடுத்தவள் நான். ஓய்வு பெற்றும் ‘மிஸ்’ என்ற பேர் விடவில்லை. ஒரே எழுத்துக் கூட்டு வரும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

பெரம்பூரிலிருந்து, பேங்க் தேர்வுக்குப் படிக்கும் தம்பி: மிஸ், சொற்பட்டியலை ஏ-யில் ஆரம்பித்து மனப்பாடம் செய்கிறேன். சி-க்கு வருவதற்குள் ஏ மறந்துபோகிறது. என்ன செய்வது?

அகராதி வரிசையில் படித்தால் அப்படித்தான் ஆகும். பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் எல்லாம் சொந்தக்காரர்களா? சொந்தம் பார்த்துப் படி.

டபிள்யூவும் ஆரும் சேர்ந்து தொடங்கும் சொற்களை எடுத்துக்கொள். அந்த டபிள்யூ எழுதும்போது மட்டும் வரும், சொல்லும்போது வராது. ‘ரிங்’ என்றால் ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது (மோதிர ரிங்குக்கு டபிள்யூ கிடையாது). ‘ரெஞ்ச்’ என்றால் வெடுக்கென்று திருகுவது. கணுக்கால் சுளுக்கினாலும் அதே சொல், மெக்கானிக் கையில் இருக்கும் கருவிக்கும் அதே பேர். ‘ரிஸ்ட்’ எப்படியும் திரும்பும் மணிக்கட்டு. ‘ரீத்’ வளைத்துக் கட்டிய மலர்வளையம். ‘ரிகில்’ புழு மாதிரி நெளிவது, ‘ரைத்’ வலி தாங்காமல் துடித்து நெளிவது. ‘ரிங்கிள்’ தோலில் விழும் சுருக்கம். ‘ராங்’கூட பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் ‘கோணலானது’ என்ற பொருளில் இருந்த சொல். நாமும் கோணல் புத்தி என்கிறோமே!

எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு முறுக்கு இருக்கிறது பார். தமிழிலும் சுற்று, சுழி, சுருள், சுருக்கம், சுளுக்கு என்று ‘சு’ வரிசையில் இதே வேடிக்கை உண்டு. எழுதுவதைக் குறிக்கும் ‘ரைட்’ மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அதன் பழைய பொருள் கீறுவது. ஓலையில் எழுத்தாணியால் கீறிய பரம்பரைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசி ஒருவர்: எஸ்-என்னில் தொடங்கினால் எல்லாம் மூக்குச் சமாசாரம் என்கிறார் என் ரூம்மேட். குறட்டை விடுகிற அவரே இதைச் சொல்வதுதான் கொடுமை. உண்மையா?

பாதி உண்மை. ‘ஸ்னோர்’ குறட்டை, ‘ஸ்னீஸ்’ தும்மல், ‘ஸ்னிஃப்’ முகர்வது, ‘ஸ்னவுட்’ பன்றி, நாய் போன்றவற்றின் நீண்ட மூஞ்சி. ‘ஸ்னீர்’ என்றால் மூக்கைச் சுளித்து ஏளனம் செய்வது. இதே மாதிரி ஜி-எல் வந்தால் வெளிச்சம்: ‘கிளிட்டர்’, ‘கிளீம்’, ‘கிளோ’, ‘கிளிம்மர்’. ஜே. ஆர். ஃபர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1930-இல் இதற்கு ‘ஃபோனெஸ்தீம்’ என்று பேர் வைத்தார். அதற்கு முன்பு லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் அவர்.

ஆனால் பாம்பும் பனியும் எஸ்-என்னில்தான் தொடங்குகின்றன, அவற்றுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்? கையுறையான ‘கிளவ்’ மின்னுவதும் இல்லை. கதை படிக்கும்போது இப்படி ஊகிக்கலாம். தப்புக்கு மார்க் குறைக்கிற தேர்வில் வேண்டாம்.

வேளச்சேரியிலிருந்து ஓர் அம்மா: கத்தியை என் பையன் ‘க்னைஃப்’ என்கிறான். திருத்தினால், கே எதற்கு இருக்கிறது என்று எதிர்க்கேள்வி கேட்கிறான்.

நியாயமான கேள்விதானே, திட்டாதீர்கள். பழைய ஆங்கிலேயர்கள் அந்த கே-யை உச்சரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒலி தேய்ந்துவிட்டது, எழுத்து மட்டும் நின்றுவிட்டது. ஜெர்மன்காரர்கள் முழங்காலை இன்றைக்கும் ‘க்னீ’ என்றுதான் சொல்கிறார்கள்.

கே-என்னில் இன்னும் சில: மாவு பிசைவது ‘நீட்’ (தேவையைக் குறிக்கும் ‘நீட்’டும் காதுக்கு ஒன்றே), சாவு மணி ‘நெல்’, சின்ன மேடு ‘நோல்’, கைவாகு ‘நாக்’. போக்கிரி ‘நேவ்’. அதற்கு முதலில் வெறும் ‘பையன்’ என்றுதான் பொருள். பையன்கள் என்ன செய்து அந்தப் பேரை வாங்கினார்களோ!

குரோம்பேட்டை: கடனுக்கான ‘டெட்’டில் பி எதற்கு?

பண்டிதர்கள் வேலை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி இல்லை. லத்தீன் மூலத்தில் பி இருக்கிறதே என்று பின்னால் செருகினார்கள். ‘டவுட்’டிலும் அப்படித்தான். மறந்தால் டெபிட் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் பி காதில் விழும்.

மீனம்பாக்கம், பத்தாம் வகுப்பு மாணவி: சைக்காலஜிக்கு முன்னால் பி ஏன் மிஸ்?

கிரேக்கச் சொல் கண்ணு. அவர்கள் வாய்க்கு ‘ப்ஸ்’ வரும், ஆங்கிலத்துக்குச் சொல்லின் முதலில் வராது. புனைபெயரான ‘சூடோனிம்’ அதே கதை. பி-டி-யும் அப்படி: ‘டெரோடாக்டில்’ பறக்கும் பழங்கால ஊர்வன, பொருள் ‘இறக்கை விரல்’. அந்த இறக்கை உன் வீட்டுக்கு மேலே பறக்கிற ஹெலிகாப்டரிலும் இருக்கிறது. அதை ‘ஹெலி’, ‘காப்டர்’ என்று பிரிப்பது தப்பு. ‘ஹெலிகோ’ சுருள், ‘ப்டெர்’ இறக்கை.

அண்ணா நகர்: ஒரு மாதத்தில் 3000 சொற்கள் முடியுமா?

முடியாது. அடுத்தது.

மயிலாப்பூரிலிருந்து ஒரு பெரியவர்: எழுத்துக்கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிளில் கியூ வருகிறது, யூ வரமாட்டேன் என்கிறது. பேரனிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்.

யூ இல்லாமலே வையுங்கள் ஐயா. கியூ-ஐ: சீனர்கள் சொல்லும் உயிராற்றல். கியூ-ஏ-டி: ஏமனில் மெல்லும் இலை. ஈரானின் நிலத்தடி நீர்க்கால்வாய் ‘கனாத்’துக்கும் முதலெழுத்து கியூதான். கட்டை ஒன்றே ஒன்று, மதிப்பு 10.

ராயபுரத்திலிருந்து ஒருவர்: சி-யில் தொடங்கும் சொற்களில் நம்முடையது எது?

சி-ஹெச் போட்டு எழுதும் ‘செரூட்’ நம்முடைய சுருட்டு. ‘கேட்டமரான்’ நம் கட்டுமரம். ஆனால் நம்முடையது சேர்த்துக் கட்டிய மரத்துண்டுகள், அவர்கள் இப்போது அப்படிச் சொல்வது இரண்டு உடல் கொண்ட படகை.

‘கேஷ்’தான் சுவாரசியம். அந்த எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல் வழியாக வந்தது. கடையில் ‘கேஷா, ஜிபேயா?’ என்று கேட்பது அதைத்தான். மற்றது நம் காசு. கம்பெனி காலத்து மதராசில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தச் செம்புக்காசையும் ஆங்கிலேயர்கள் ‘கேஷ்’ என்றே கணக்கில் எழுதினார்கள்.