கறிவேப்பிலைச் செடியும் ஊறுகாய் ஜாடியும்: எரிசக்தி பற்றிப் பிள்ளைகள் கேட்டவை

ஜூன் விடுமுறை வந்தால் சிங்கப்பூரில் எங்கள் வட்டாரப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒர்க்‌ஷீட் படங்கள் வந்து குவியும். இந்த வருடம் பாதிக்கு மேல் ஒரே தலைப்பு: புதுப்பிக்கக்கூடிய எரிசக்தி, புதுப்பிக்க முடியாத எரிசக்தி, இரண்டையும் ஒப்பிடு. "மின்னிலையத்துல இருந்தவர்தானே, நீங்களே சொல்லுங்க சார்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் ஆசிரியர் இல்லை. 26 வருடம் எரிவாயு டர்பைன் பக்கத்தில் நின்று ஒரு காது மந்தமானவன், அவ்வளவுதான். வந்த கேள்விகளில் பத்தை எடுத்துக்கொண்டேன்.

உயர்நிலை 1 மாணவி, செங்காங்: அங்கிள், சூரியனும் ஒருநாள் அணைஞ்சுடும்னு படிச்சேன். அப்ப சூரியசக்தியும் புதுப்பிக்க முடியாததுதானே?

மடக்கிவிட்டாயே அம்மா! சூரியனுக்கு இன்னும் ஏறக்குறைய 500 கோடி வருடம் இருக்கிறது. ஆனால் உன் கேள்விக்கு அது பதில் இல்லை. 'புதுப்பிக்கக்கூடியது' என்றால் என்றைக்குமே தீராதது என்று பொருள் இல்லை. நாம் எடுக்கிற வேகத்துக்கு ஈடாக அது திரும்ப வருகிறதா என்பதுதான் விஷயம்.

உங்கள் வீட்டு காரிடாரில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா? அம்மா தாளிக்க இரண்டு கொத்து ஒடிக்கிறார், அடுத்த வாரம் துளிர் விடுகிறது. அது புதுப்பிக்கக்கூடியது. ஊரிலிருந்து பாட்டி கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி இருக்கிறதே, அதைச் சிறிய கரண்டியால் எடுத்தால் நாலு மாதம் வரும், பெரிய கரண்டியால் எடுத்தால் ஒரே மாதம்தான். எப்படி எடுத்தாலும் ஜாடி தானாக நிறையாது. எண்ணெய், எரிவாயு, நிலக்கரி மூன்றும் ஜாடி வகை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தீபாவளிக்கு வந்த விருந்தாளிகளுக்காகச் செடியை மொட்டையடித்தால் செடியே பட்டுப்போகும். விறகு அப்படித்தான். காடு வளர்வதைவிட வேகமாக வெட்டினால் புதுப்பிக்கக்கூடியதும் தீர்ந்துபோகும்.

உயர்நிலை 1 மாணவன், உட்லண்ட்ஸ்: நிலக்கரி மரத்துலேர்ந்துதான் வந்துச்சு. மரம்தான் திரும்ப வளருதே?

வளரும். நிலக்கரியும் திரும்ப உருவாகும், நீ காத்திருந்தால். உலகின் பெரிய நிலக்கரிப் படுகைகள் பலவற்றில் இருப்பது சுமார் 30 கோடி வருடத்துக்கு முன் சதுப்புநிலத்தில் மட்காமல் புதைந்த செடிகொடிகள். மேலே மண் ஏறி, அழுத்தமும் சூடும் சேர்ந்து கரியானது.

தமிழ்நாட்டில் நெய்வேலிக்குப் போனபோது அங்கே தோண்டும் பழுப்பு நிலக்கரித் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அது சில கோடி வருடம்தான் ஆன இளசு. கறுப்பில்லை, காய்ந்த மரப்பட்டை நிறம். நகத்தால் கீறினால் பொடி உதிர்ந்தது. கோடிக்கணக்கான வருடம் ஆகியும் அது பாதி வழிதான் வந்திருந்தது.

தொடக்கநிலை 6 மாணவனின் அம்மா, தெம்பனிஸ்: சார், என் மகன் புதுப்பிக்கக்கூடியது எல்லாம் சுத்தம், மற்றது எல்லாம் அழுக்கு என்று எழுதியிருக்கிறான். சரியா?

சரியில்லை. வந்த விடைகளில் அதிகம் பார்த்த தவறு இதுதான். திரும்ப வருமா என்பது ஒரு கேள்வி, புகைக்குமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

யுரேனியத்தைப் பாருங்கள். தரையிலிருந்து தோண்டி எடுப்பது, திரும்ப வராது. ஆனால் கூடங்குளத்தில் ஆளுக்கு 1,000 மெகாவாட்டாக ஓடும் இரண்டு அணு உலைகளும் மின்சாரம் எடுக்கும்போது கரியமில வாயுவை விடுவதில்லை. கதிர்வீச்சுக் கழிவு என்ற வேறு தலைவலி அதற்கு உண்டு. விறகு நேர் எதிர்: மரம் திரும்ப வளரும், ஆனால் மூடிய சமையலறையில் விறகடுப்பு ஊதிய நம் பாட்டிமார்களிடம் அது சுத்தம் என்று சொல்லிப் பாருங்கள்.

அணையும் அப்படித்தான். புகை கிடையாது. ஆனால் ஊரை மூழ்கடிக்கும், மீன் போகும் வழியை அடைக்கும். மகனிடம் இரண்டு கேள்விக்கும் தனித்தனிப் பத்தி வரையச் சொல்லுங்கள்.

உயர்நிலை 2 மாணவன், ஜூரோங் வெஸ்ட்: சிங்கப்பூர்ல வருஷம் முழுக்க வெயில். அப்புறம் ஏன் இன்னும் எரிவாயு?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை, பொறுத்துக்கொள்.

நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது. எப்போதும் அப்படி இருந்ததில்லை. 2000ஆம் ஆண்டுவாக்கில் பெரும்பகுதி எரி எண்ணெய்தான். மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாய் வழியாக வாயு வரவர எண்ணெய் பின்வாங்கியது. 2013இல் ஜூரோங் தீவில் திரவ எரிவாயு முனையம் திறந்தார்கள். வாயுவை மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால் திரவமாகி, பருமன் சுமார் 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். அதனால் தூரதேசத்திலிருந்தும் கப்பலில் கொண்டுவரலாம்.

மின்னிலையத்தில் வாயுவை எரித்து ஒரு டர்பைனைச் சுழற்றுவோம். வெளியேறும் சூட்டை வீணாக்காமல் தண்ணீரை ஆவியாக்கி இன்னொரு டர்பைனையும் சுழற்றுவோம். அதனால் எரிபொருளின் சக்தியில் பாதிக்கும் மேல் மின்சாரமாகிறது. எரிப்பதில் இது கெட்டிக்காரத்தனமான முறை. இருந்தாலும் ஜாடி ஜாடிதான், அதுவும் அடுத்த வீட்டு ஜாடி.

இப்போது வெயில். நம் நாட்டின் பரப்பு 740 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் வீடு, சாலை, விமான நிலையம், காடு எல்லாம் இருக்கவேண்டும். இடம் போதாமல்தான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளின் கூரைக்குப் போனோம், தண்ணீருக்கும் போனோம். 2021இல் திறந்த தெங்கே நீர்த்தேக்கத்தின் மிதக்கும் பண்ணையில் 1,22,000 சூரியத் தகடுகள். உச்சத் திறன் 60 மெகாவாட். 2030க்குள் குறைந்தது 2 ஜிகாவாட், அதாவது 2,000 மெகாவாட் என்று ஒரு இலக்கு வைத்தார்கள். அது மூன்றரை லட்சம் வீடுகளின் ஆண்டுத் தேவைக்கு ஈடு. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் நாட்டின் மொத்தத் தேவையில் அது சுமார் 3 விழுக்காடுதான். தொழிற்சாலைகளும் கட்டடங்களும் அவ்வளவு இழுக்கின்றன.

இடப்பிரச்சினை பாதிதான். மீதி, மேகம். வேலை விஷயமாக ஒருமுறை ஒரு புளோக்கின் மொட்டைமாடிக்கு ஏறினேன். மதியம் ஒரு மணி. தகட்டு மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரின் திரையில் 52 கிலோவாட். பேசிக்கொண்டே இருக்கிறோம், தெற்கிலிருந்து ஒரு கறுத்த மேகம் வந்தது. திரையில் 40, 27, 11. தரையில் நிழல் நகர்வதும் எண் இறங்குவதும் ஒன்றாக நடந்தன. மழைகூட இன்னும் தொடங்கவில்லை. அந்த நேரத்தில் யாராவது ஈடுகட்ட வேண்டும், இல்லையென்றால் மின்சாரம் தள்ளாடும். அந்த 'யாராவது' பெரும்பாலும் எரிவாயு டர்பைன்தான். இப்போது ஜூரோங் தீவில் பெரிய மின்கலத் தொகுதியும் வைத்திருக்கிறார்கள்.

உயர்நிலை 2 மாணவி, பொங்கோல்: கடலோரத்தில் நல்லாக் காத்து வருதே. காத்தாடி வெச்சா என்ன?

அங்கே பட்டம் விடலாம், காற்றாலை வைக்கமுடியாது. நம் சராசரிக் காற்று வினாடிக்கு 2 மீட்டர். பெரிய காற்றாலைக்கு நாலரை மீட்டருக்கு மேல் வேண்டும். இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது: காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். ஆகவே 'கொஞ்சம் குறைவான' காற்று என்று ஒன்று கிடையாது, ரொம்பக் குறைவுதான்.

தாத்தா பாட்டி நாகர்கோவில் பக்கம் என்றால் ஆரல்வாய்மொழி வழியாகப் போகும்போது பார். மலைக்கு நடுவே கணவாய், புனல் போலக் காற்றை நெருக்கி அனுப்புகிறது. முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பதற்கு அதுதான் காரணம். கடல் அலையேற்றத்திலும் நமக்கு இதே கதைதான்: சுமார் 1.7 மீட்டர் ஏற்ற இறக்கம் மின்சாரம் எடுக்கப் போதாது.

ஒரு பாட்டி, செம்பவாங்: தம்பி, எங்க பக்கம் வெந்நீர் ஊற்று இருக்கு. முட்டைகூட அவிக்கிறாங்க. அதுல கரண்ட் எடுக்கலாமே?

நல்லாக் கேட்டீங்கம்மா. ஊற்றில் சுமார் 70 டிகிரி. முட்டைக்குப் போதும், டர்பைனுக்குப் போதாது. இன்னும் ஆழத்தில் எவ்வளவு சூடு என்று துளையிட்டு ஆராய்ந்து பார்க்கிறார்கள்.

தொடக்கநிலை 6 மாணவி, சுவா சூ காங்: துவாஸ்ல குப்பை எரிச்சு கரண்ட் எடுக்கிறாங்க. குப்பை தீரவே தீராதே! அப்ப அது புதுப்பிக்கக்கூடியதா?

குப்பை தீராது என்பது நம் எல்லாருக்கும் வெட்கக்கேடு! விடை: பாதிப் பாதி. மீந்த சோறு, மரத்துண்டு, காகிதம் எல்லாம் செடியிலிருந்து வந்தவை, திரும்ப வளரும். பிளாஸ்டிக் பை எண்ணெயிலிருந்து வந்தது, அதை எரிப்பது எண்ணெயை எரிப்பதுதான். கிடைக்கும் மின்சாரமும் கொஞ்சம்தான். எரிக்கிற முதல் காரணம் இடம். சாம்பலான பிறகு பருமன் பத்தில் ஒரு பங்காகிறது, அதைத்தான் கொட்டிவைக்கச் செமாக்காவ் தீவுக்குக் கொண்டுபோகிறார்கள்.

ஒரு அப்பா, புக்கிட் பாத்தோக்: மின்கார் வாங்கினேன். மகள் "அதுவும் எரிவாயுவிலதானே ஓடுது" என்று நக்கல் செய்கிறாள்.

மகள் சொல்வதில் பாதி சரி. நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு. 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் என்று வைத்தால் ஆறரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதே தூரத்துக்கு 7 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் கார், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம், 16 கிலோ விடும். நக்கலுக்குப் பதிலாக இந்தக் கணக்கைக் கொடுங்கள். எம்ஆர்டி ரயிலில் போனால் இன்னும் குறையும் என்று அவள் திருப்பி அடிப்பாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உயர்நிலை 1 மாணவன், ஈசூன்: லாவோஸ்லேர்ந்து கரண்ட் வருதாமே? கரண்டை எப்படிக் கொண்டுவர்றாங்க?

கம்பியில்தான். 2022 ஜூனில் தொடங்கினார்கள். லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா கட்டமைப்புகள் வழியாக, தொடக்கத்தில் 100 மெகாவாட் வரைக்கும். நம்மிடம் பெரிய ஆறும் மலையும் இல்லை, அதனால் அண்டை வீட்டுச் செடியிலிருந்து இரண்டு கொத்து வாங்குகிறோம். இறக்குமதி என்றாலே ஜாடி என்று எழுதிவிடாதே.

பரீட்சையில் 'ஒப்பிடுக' என்று வந்தால் பலர் சூரியசக்தி பற்றி நாலு வரி, எரிவாயு பற்றி நாலு வரி எழுதிவிட்டு வருகிறார்கள். அது ஒப்பீடு இல்லை. ஒரே வரியில் இரண்டும் வரவேண்டும்: "எரிவாயு மின்னிலையம் இரவிலும் மின்சாரம் தரும், சூரியத் தகடு பகலில் மட்டும் தரும்." இப்படி மூன்று வரி எழுதினால் போதும்.

தொடக்கநிலை 5 மாணவன், செங்காங்: எங்க புளோக் மேல சோலார் இருக்கு. அதுலதான் லிஃப்ட் ஓடுதுன்னு அண்ணன் சொன்னான். மழை பெய்தா லிஃப்ட் நின்னுடுமா?

நிற்காது கண்ணா, பயப்படாதே. உன் அண்ணன் சொன்னது சரி: பகலில் கூரைத் தகட்டு மின்சாரம் முதலில் லிஃப்டுக்கும் பொது விளக்குகளுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் போகும், மிஞ்சினால் வெளியே கட்டமைப்புக்குப் போகும். மேகம் வந்தால் அதே கம்பி வழியாக மின்னிலையத்து மின்சாரம் உள்ளே வரும். நீ ஏறும்போது வெயில், ஏழாவது மாடியில் மழை என்றாலும் உனக்கு ஒன்றும் தெரியாது. லிஃப்ட் நின்றால் காரணம் வேறு. மஞ்சள் மணியை அழுத்து, அப்பாவை நகர மன்றத்துக்குப் போன் போடச் சொல்.