மாத்திரையும் வெறும் வயிறும்

கேள்வி: ஜிம் பயிற்சியாளர் நான். 52 வயது அண்ணாச்சி ஒருவர் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு காலை 6 மணிக்கு வருகிறார். நேற்று ஸ்குவாட் நடுவில் கை நடுங்கி, பனியன் நனைய வியர்த்துவிட்டது. என்ன செய்வது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தம்பி, அது வெறும் களைப்பாகத் தெரியவில்லை. சர்க்கரை இறங்கியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இனி அப்படி ஆனால் உடனே உட்காரவையுங்கள். 3, 4 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

அப்புறம், அவருடைய மருந்துச் சீட்டை வாங்கிப் படியுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் குறைவு. கிளிமிபிரைடு மாத்திரை இருந்தால் சர்க்கரை இப்படி இறங்கலாம், அதைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ நீங்கள் சொல்லவே கூடாது, டாக்டரிடம் அனுப்புங்கள்.