பட்டறை கேள்வி - பதில்: ஸ்ப்ரே கன்னில் தண்ணீர்

கேள்வி: வீட்டுக் கொட்டகையில் 2 எச்.பி. ஏர் கம்ப்ரசர் வைத்து கேட், கிரில்லுக்குப் பெயின்ட் அடிக்கிறேனுங்க. டேங்க் வாயிலேயே வாட்டர் ஃபில்டர் மாட்டியும், அரைமணி ஓடியதும் கன் தண்ணீர் துப்புகிறது. பெயின்ட்டில் குழி குழியாக விழுகிறது. ஐப்பசி மழையில் சுத்தமாக முடிவதில்லை. ஏர் டிரையர் வாங்கித்தான் ஆகணுங்களா?
- வாசகர், கணபதி, கோவை

பதில்: வேண்டியதில்லைங்க. ஃபில்டர் நல்ல ஃபில்டர்தான், மாட்டிய இடம்தான் தப்பு. அது துளியைப் பிடிக்கும், ஆவியை விட்டுவிடும். டேங்கிலிருந்து சூடாக வரும் காற்றில் ஈரம் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டி, ஓஸில் போகப்போக ஆறி, கன் பக்கத்தில் தண்ணீராகிறது.

மழைநாளில் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் இருக்கும். கேஜில் 7 பார் காட்டும்வரை அழுத்தினால், வெளிக்காற்றின் 1 பாரும் சேர்ந்து, அந்தக் காற்று எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆறிய பிறகு அதில் ஆவியாகத் தங்குவது 4 கிராம்கூட இல்லை. மணிக்கு 12 கன மீட்டர் இழுக்கும் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் எங்கேயாவது இறங்கியே தீரும். அது கன்னுக்கு முன்னாலேயே இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குக் காற்றை முதலில் ஆறவிட வேண்டும். பம்ப் தலைக்கும் டேங்க் செக் வால்வுக்கும் (காற்றைத் திரும்ப விடாத வால்வு) நடுவில் 5, 6 மீட்டர் செம்புக் குழாயைச் சுருளாக்கி, ஃப்ளைவீல் காற்று படுகிற பக்கம் வையுங்கள். இப்போதுள்ள குழாயைவிடத் துளை சிறியதாக இருக்கக் கூடாது. நடுவில் வால்வு எதுவும் போடக் கூடாது. சுருளை டேங்கோடு சேர்த்தே கிளாம்ப் போடுங்கள். சுவரில் கட்டினால் அதிர்வில் செம்பு இறுகி, நட்டுக்குப் பக்கத்தில் விரிசல் விடும். குழாய் எங்கும் தொங்காமல் டேங்க் பக்கமாகவே சரியட்டும். தொங்கிய இடத்தில் தண்ணீர் தேங்கும்.

டேங்கிலிருந்து 8 மீட்டராவது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் லைன் இழுங்கள், மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவோடு. கன்னுக்குப் பிரியும் கிளையை லைனின் மேல்பக்கமிருந்து எடுத்து வளைத்து இறக்குங்கள். அடியிலிருந்து எடுத்தால் தண்ணீரும் கூடவே வரும். லைன் முடிகிற இடத்தில் ஒரு முழம் குழாயைக் கீழே இறக்கி, தண்ணீரை வடிக்க பால் வால்வு போடுங்கள். உங்கள் ஃபில்டரைக் கிளையின் கடைசியில், கன் ஓஸுக்கு முன்னால் மாட்டுங்கள். அதன் பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தின்னரில் கழுவாதீர்கள், அழுத்தத்தில் வெடிக்கும். சோப்புத் தண்ணீர் போதும்.

கேட், கிரில்லுக்கு இதுவே தாராளம். கார் பெயின்ட் என்றால் ஃபில்டருக்குப் பின்னால் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பா ஒன்று சேருங்கள். ஃபில்டருக்கு முன்னால் வைத்தால் ஒரே நாளில் ஊறி வீணாகும்.

வேலை முடிந்ததும் தினமும் டேங்க் அடி வால்வைத் திறந்து வடியுங்கள். காவி நிறத் தண்ணீர் வந்தால் டேங்க் உள்ளே துருப் பிடிக்கிறது. மோர் மாதிரி வெளுத்து வந்தால் ஆயில் கலந்திருக்கிறது. நிறைய வந்தால் பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள்.

கேள்வி: ஏர் லைனுக்கு, மிச்சமிருக்கும் பி.வி.சி. தண்ணீர்ப் பைப்பைப் போடலாமா?
- வாசகர், பெருந்துறை

பதில்: கூடாதுங்க. தண்ணீர் லைன் உடைந்தால் கொட்டும். காற்று லைன் உடைந்தால் சில்லுச் சில்லாகத் தெறித்துக் கண்ணில் அடிக்கும். மிச்சப் பைப்பைத் தோட்டத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள்.