அரங்கேற்றம் காத்திருக்கட்டும்

தக்கலைப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பயாலஜி குரூப் படிக்கும் மகள் பரதநாட்டியத்தில் பட்டம் படிக்கப்போகிறேன் என்கிறாள். மாமியார் "நம்ம வீட்டுப் பிள்ளை கூத்தாடப் போவுதா?" என்கிறார். நடுவில் நீங்கள். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் அரங்கேற்றத்தை நடத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மாமியாரிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் சொல்வதைப் பழங்காலப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். சுசீந்திரம் போன்ற நம் கோயில்களில் ஆடியவர்கள் தேவதாசிகள். திருவிதாங்கூரின் இந்தத் தென்பகுதியில் அந்த முறை 1930 வாக்கில் நின்றது. சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் வந்தது. அதே காலத்தில்தான் 'சதிர்' என்ற பெயர் போய் 'பரதநாட்டியம்' வந்தது, 1936இல் ருக்மிணி தேவி சென்னையில் கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளியைத் தொடங்கினார், மற்ற வீட்டுப் பெண்களும் ஆடத் தொடங்கினார்கள். ஆட்டத்துக்கு மரியாதை கிடைத்தது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியவர்களுக்குக் கிடைத்தது வசைதான். உங்கள் மாமியார் காதில் விழுந்து வளர்ந்தது அந்த வசை. இது உங்கள் மகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அடவு மட்டும் தெரிந்தால் போதாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே கல்தூண்கள் நிற்கும் நவராத்திரி மண்டபம் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் என்றே கட்டியது, பக்கத்திலேயே சரஸ்வதி சன்னதி. அலாரிப்பு முதல் தில்லானா வரை உங்கள் மகள் ஆடும் வரிசையை ஒழுங்கு செய்தவர்கள் தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள். அவர்களில் வடிவேலு திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவைக்கு வந்தவர். 1956 வரை நாமும் அந்தத் திருவிதாங்கூர்தானே!

சரி, சோற்றுக்கு வழி?

மேடையை மட்டும் நம்பினால் பெரும்பாலும் கைக்காசுதான் கரையும். பிழைப்பு, கற்பிப்பதில் இருக்கிறது. தனியார் பள்ளிச் சம்பளம் குறைவு. சொந்த வகுப்பு நிற்கச் சில வருடம் ஆகும். கல்லூரி வேலைக்குப் பொதுவாக முதுகலையும், நிகழ்த்துகலைப் பாடத்தில் நெட் போன்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். அதனால்தான் பட்டமா டிப்ளமாவா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கலாக்ஷேத்ராவின் நான்காண்டுப் படிப்பு டிப்ளமா. பயிற்சி அருமையானது, ஆனால் பட்டத்துக்கு என்ன வழி என்பதையும் கூடவே யோசியுங்கள்.

நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் மகளுக்கு மலையாளம் புரியும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். கொச்சிப் பக்கம் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியில் பரதமும் மோகினியாட்டமும் பட்டப்படிப்பாகவே இருக்கின்றன. பரதத்தோடு மோகினியாட்டமும் கற்றால், எல்லையில் களியக்காவிளை தாண்டினாலே வேலை இருக்கிறது. கேரளத்துப் பள்ளிக் கலைவிழாவான கலோற்சவத்தில் இரண்டுக்கும் போட்டி உண்டு. சீசன் வந்தால் பயிற்சியாளர்களைத் தேடுவார்கள்.

அப்புறம் அந்தச் சீட்டுப் பணம். அரங்கேற்றம் சான்றிதழ் அல்ல. எந்தக் கல்லூரியிலும் அதை வைத்து வேலை தர மாட்டார்கள். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், உடை, மண்டபம், சாப்பாடு என்று இழுத்துக்கொண்டே போகும். என் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் அரங்கேற்றத்தில் பரிமாறிய பாயசத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அவள் ஆடிய வர்ணம் எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பணத்தைக் கல்லூரிக்கும் விடுதிக்கும் வையுங்கள். பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு மத்திய கலாசார அமைச்சகத்தின் இளங்கலைஞர் உதவித்தொகையும் உண்டு, அதற்கும் பிறகு முயலலாம்.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். பரீட்சை முடிந்த விடுமுறையில் ஒரு மாதம் தினமும் நான்கு மணி நேரம் அவள் ஆடட்டும். முட்டி வலிக்கும், சலிப்பும் வரும். முப்பதாம் நாளும் தானாகவே எழுந்து சலங்கை கட்டினால் என்னிடம் கூட்டி வாருங்கள், அவள் அப்பாவும் வரட்டும். மார்க் ஷீட்டையும் நாட்டிய டீச்சரின் போன் நம்பரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.