கடுக்காய் மூட்டைக்கு யாருடைய சீட்டு வேண்டும்?

கேள்வி: எங்களுடையது பழங்குடியினர் வாழும் மலைக்கிராமம். வன உரிமைச் சட்டப்படி ஊருக்குச் சமூக உரிமைப் பத்திரம் கிடைத்திருக்கிறது. சென்ற மாதம் என் அம்மாவும் இன்னும் நான்கு பெண்களும் பொறுக்கிய கடுக்காயை 6 மூட்டைகளாகக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். அனுமதிச் சீட்டு இல்லை என்று சோதனைச் சாவடியில் மூட்டைகளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் விடுவார்களாம். மகசூல் குத்தகை எடுத்த வியாபாரியோ தன்னிடம் மட்டும்தான் விற்க வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில், உங்கள் அம்மா எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டாம். சிறிய தொகைதானே, கட்டித் தொலைப்போம் என்று பலர் கட்டிவிடுகிறார்கள். அந்த ரசீது, வனக்குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகக் கோப்பில் கிடக்கும். அடுத்த முறை அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(1)(சி), வழிவழியாகச் சேகரித்துவரும் சிறு வன மகசூலின் மீது உங்களுக்கு உடைமை உரிமையே தருகிறது. பொறுக்கிக்கொள்ளலாம் என்ற சலுகை அல்ல அது. பொருள் உங்களுடையது, விற்பதும் உங்கள் உரிமை. கடுக்காய் என்ற பெயர் சட்டத்தில் இல்லையே என்று யாராவது மடக்கினால் கலங்க வேண்டாம். வெட்டுமரம் தவிர்த்து, தாவரங்களிலிருந்து கிடைக்கும் வன மகசூல் அனைத்தும் அந்த வரையறைக்குள் அடங்கும்.

இனி அனுமதிச் சீட்டு. 2012 செப்டம்பரில் திருத்தப்பட்ட வன உரிமை விதிகளில் விதி 2(1)(டி) இதைத் தெளிவாகவே சொல்கிறது: காட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் மகசூலை ஏற்றிச் செல்லலாம், ராயல்டி, கட்டணம் எதுவும் கிடையாது, சீட்டைக் கொடுக்க வேண்டியது, காட்டைப் பாதுகாக்க விதி 4(1)(இ)-யின் கீழ் கிராம சபை அமைத்த குழு, அல்லது சபை அதிகாரமளித்த நபர். சீட்டு நடைமுறையைக் காட்டி விற்கும் உரிமையைச் சுருக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மேந்தா-லேகா கிராம சபைக்கு, 2011 ஏப்ரலிலேயே மூங்கிலுக்கான சீட்டுப் புத்தகத்தை அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஒப்படைத்தார்.

பெரும்பாலான ஊர்கள் சறுக்குவது இங்கேதான். உரிமை கோரும் மனுக்களைப் பார்க்க அமைத்த வன உரிமைக் குழு இருக்கும். பத்திரம் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். 4(1)(இ) குழு வேறு. அது இல்லையென்றால் உடனே கிராம சபையைக் கூட்டுங்கள். உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும்; வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். குழுவை அமைத்து, சீட்டில் கையெழுத்திடுபவர் யார் என்று தீர்மானத்தில் எழுதுங்கள். சீட்டுப் புத்தகம் அடிக்கட்டையோடு வரிசை எண் போட்டதாக இருக்கட்டும். சேகரித்தவர் பெயர், பொருள், எத்தனை கிலோ, வண்டி எண், எங்கிருந்து எங்கே, தேதி, முத்திரை இவ்வளவும் போதும். புத்தகத்தின் மாதிரியை வனச்சரகருக்கு முன்கூட்டியே கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

குத்தகை வியாபாரியைப் பொறுத்தவரை, தன்னுடையதல்லாத பொருளை எந்த அலுவலகமும் குத்தகைக்கு விட முடியாது. ஆனால் உங்கள் கிராம சபையே அவரோடு ஒப்பந்தம் போட்டிருந்தால் கதை வேறு. தீர்மானப் புத்தகத்தை முதலில் புரட்டிப் பாருங்கள்.

பிடித்த மூட்டைகளுக்கு மகஜர் (பறிமுதல் விவரம் எழுதிய பத்திரம்) நகலை எழுத்தில் கேளுங்கள். உரிமைப் பத்திர நகலையும் தீர்மானத்தையும் இணைத்து, மூட்டைகளை விடுவிக்கக் கோரி மாவட்ட வன அலுவலருக்கும், வன உரிமைக்கான மாவட்ட அளவிலான குழுவின் தலைவர் என்ற முறையில் ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். பழங்குடியினரின் வன உரிமையில் குறுக்கிட்டு விளைபொருளை எடுத்துக்கொள்வது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(ஜி)-யின் கீழ் குற்றமாகவும் கூடும். இதை மனுவில் ஒரு வரி குறிப்பிடுங்கள். புகாராகக் கொடுப்பதை மட்டும் பதில் வந்த பிறகு முடிவு செய்வோம்.

கடுக்காய் ஈரத்தில் கிடந்தால் பூசணம் பிடித்து விலை போகாது. அதனால் மூட்டைகள் இப்போது எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்று நாளையே போய்ப் பார்த்து, புகைப்படம் எடுத்து, மனுவோடு சேர்த்துவிடுங்கள்.