கொடைக்கானலில் கிடைத்தது வேளச்சேரியில் கிடைக்குமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

போன மாதம் குடும்பத்தோடு மூன்று நாள் கொடைக்கானல் போய் வந்தோம். அங்கே மனசு லேசாக இருந்தது, நல்ல தூக்கம். வேளச்சேரி திரும்பிய ஒரே வாரத்தில் பழைய எரிச்சலும் அசதியும் வந்துவிட்டன. வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். மூன்றாவது மாடி; மேசைக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர்தான் தெரியும். மரம், செடியெல்லாம் மனநிலையை மாற்றும் என்பது உண்மையா, இல்லை லீவில் இருந்ததால் வந்த நிம்மதியா? வீட்டுக்குள் நிறையச் செடி வாங்கி வைத்தால் போதுமா?

மீனா

அன்புள்ள மீனா,

லீவுக்கும் பங்கு உண்டு. ஆனால் அது மட்டுமே இல்லை என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் அந்தச் சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்திருந்தார். பாதிப் பேரின் ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அங்கே படுத்திருந்த எவரும் லீவில் இல்லை.

உங்கள் சந்தேகத்துக்கு இன்னும் நேரான பதில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2008-இல் வெளியான ஆய்வில் இருக்கிறது. ஒரே ஆட்களை ஒரு முறை மரத்தோட்டத்திலும் இன்னொரு முறை கடைத்தெருவிலும் ஏறக்குறைய 50 நிமிடம் நடக்கவிட்டு, காதில் கேட்ட எண்களைக் கடைசியிலிருந்து தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். மரத்தோட்டத்தில் நடந்த பிறகு நன்றாகச் சொன்னார்கள். ஜனவரிக் குளிரில், நடை பிடிக்காதவர்களுக்கும் பலன் கிடைத்தது. கணக்கு வேலையில் கவனத்தை நாள் முழுக்க இழுத்துப் பிடித்து வைக்கிறோம். இலை அசைவதைப் பார்க்க அந்தப் பிடி தேவையில்லை. அந்த நேரத்தில் மூளைக்கு ஓய்வு கிடைக்கிறது. பிடி தளராமலே போனால் அதுதான் எரிச்சலாக வெளியே வரும்.

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பு 2019-இல் வெளியானது. வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையான இடத்தில் இருந்தவர்கள் நலமாக இருப்பதாகச் சொன்னது கூடுதல். ஒரே மூச்சில் இருந்தாலும் பிரித்து இருந்தாலும் வித்தியாசம் இல்லை. அதனால் வருஷத்துக்கு ஒரு கொடைக்கானலைவிட தினம் 20 நிமிடத்தையே நான் சொல்வேன்.

அந்த 20 நிமிடத்தைக் காலையில், மேசையில் உட்காரும் முன் வையுங்கள். வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகமூட்டமான காலையிலும் வெளியே பல ஆயிரம் இருக்கும். உடம்பின் கடிகாரம் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இரவுத் தூக்கமும் அதைப் பொறுத்தது. மெயின் ரோடு வேண்டாம். ஹாரன் சத்தத்தில் கவனம் திரும்பவும் விறைத்துக்கொள்ளும். வேம்பும் புங்கனும் நிற்கிற உள்தெருவாகப் பாருங்கள். இதில் பெரும்பாலும் கெடுப்பது காதில் இருக்கும் இயர்போன்தான்: அழைப்பு பேசிக்கொண்டே நடந்தால் ஆபீஸையும் கூட்டிக்கொண்டு நடக்கிறீர்கள். ஞாயிறன்று பள்ளிக்கரணை சதுப்புநிலப் பக்கமோ கிண்டி சிறுவர் பூங்காவோ போகலாம். உங்களுக்கு இரண்டும் பக்கம்தான்.

மேசையை முடிந்தால் வானம் கொஞ்சமாவது தெரியும் ஜன்னலுக்குத் திருப்புங்கள். செலவில்லாத மாற்றம் இது.

வீட்டுச் செடி காற்றைச் சுத்தப்படுத்தும் என்று கடையில் சொல்வதை நம்பி இருபது தொட்டி வாங்காதீர்கள். அந்தப் பேச்சு 1989-இல் நாசா செய்த சோதனையிலிருந்து வந்தது. அது மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. ஜன்னல் திறந்து மூடும் வீட்டில் அதே பலன் வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வைக்க வேண்டியிருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். செடி கண்ணுக்காக. பார்வையில் படும் இடத்தில் இரண்டு மூன்று போதும்.

பால்கனி இருந்தால் 12 அங்குலத் தொட்டியில் ஒரு செம்பருத்தி வையுங்கள்; நாலைந்து மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மேல்மண்ணில் விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அன்பு மிகுதியில் தினம் ஊற்றித்தான் பாதிச் செடிகள் வேர் அழுகிச் சாகின்றன. அடித்தட்டில் தண்ணீர் நின்றால் கொசு வரும். பூக்கத் தொடங்கினால் தேன்சிட்டு வரும். கவனித்துப் பாருங்கள், பூவின் வாய்ப் பக்கம் போகாமல் இதழின் அடியில் அலகால் குத்தித் தேனை உறிஞ்சும். பறவைக்கென்று தானியம் மட்டும் போடாதீர்கள். புறாக்கள் வந்து பால்கனியையே பிடித்துக்கொள்ளும்.

ஒன்று முக்கியம். இரண்டு மாதம் இப்படிச் செய்தும் அசதி போகவில்லை என்றால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு இந்த இரண்டிலும் அடிக்கடி கோளாறு வருகிறது. எதிலும் நாட்டமில்லாமல், தூக்கம் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் போனால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (மத்திய அரசின் மனநல ஆலோசனைச் சேவை) எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.